சாப்பாடு வருகிறது, வேலை வருவதில்லை: முதியோர் இல்லங்களின் பகல் பொழுது

ஓரளவு பெயர் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தின் அன்னதானப் பதிவேட்டைப் புரட்டினால், அங்கே வெளியுலகத் தொடர்புக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். தீபாவளி வாரம், பொங்கல், அக்டோபர் 1 உலக முதியோர் நாள், ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் முன்பே பதிவாகியிருக்கும். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று குடும்பங்கள் வருகின்றன, பரிமாறுகின்றன, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களோடு படம் எடுத்துக்கொள்கின்றன, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. அதே இல்லத்தில் சாதாரண வேலைநாளின் காலை பத்தரை மணிக்குச் சுவரோரமாக முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிவி ஓடும். பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார்கள்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் வேர் ஒன்றுதான். வருகிறவர் எல்லோரும் கொடுப்பவர்கள், உள்ளே இருக்கிறவர் எப்போதும் வாங்குபவர். ‘ஆளை மையமாக வைத்த பராமரிப்பு’ (ஒவ்வொருவரின் பழக்கம், விருப்பத்துக்கு ஏற்ப பராமரிப்பை அமைப்பது) என்று இன்று பேசப்படுவதை இதிலிருந்து தொடங்கினால்தான் புரியும். இந்த அம்மாள் இந்த வீட்டில் என்ன செய்கிறார், அவர் இல்லாவிட்டால் யாருக்கு எது குறையும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் வாரம் மூன்று பஜனை வைத்தாலும் ஒன்றும் மாறாது.

இதற்குப் பழைய வரலாறு உண்டு. சென்னை ராயபுரம் மணியக்காரர் சத்திரம் 1782 பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கி, பின்னர் முதியோர் இல்லமானது. ஸ்டான்லி மருத்துவமனையும் அந்தக் கஞ்சித் தொட்டியில் வளர்ந்ததே. பசித்தவருக்குச் சோறு, போக்கிடம் இல்லாதவருக்குக் கூரை என்ற எண்ணத்தில்தான் நம் இல்லங்கள் பிறந்தன. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் மாநில அரசுகள் இல்லம் அமைக்கலாம் என்கிறது. அங்கே தரவேண்டிய சேவைகள் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை இரண்டு: மருத்துவ வசதி, பொழுதுபோக்கு வசதி. ஹாலில் ஒரு டிவியை மாட்டிவிட்டால் இரண்டாவது முடிந்தது.

இல்லங்களுக்கு வருகிறவர்கள் இதற்குள் மாறிவிட்டார்கள். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு (16.5) அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், கையில் ஓய்வூதியம், மாதக் கட்டணம் கட்டித் தங்கும் தலைமையாசிரியரும் வங்கி மேனேஜரும் இப்போது இல்லவாசிகள். அவர்களுக்குச் சோறு ஒரு பிரச்சினையே இல்லை. நாள்தான் பிரச்சினை.

வெளிநாட்டில் ஆளை மையமாக வைக்கும் சிந்தனை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976-இல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் இல்லத்தின் இரண்டு மாடிகளை ஒப்பிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் ‘உங்கள் அறையை, நேரத்தை நீங்களே தீர்மானியுங்கள்’ என்று சொல்லி, தாங்களே தண்ணீர் ஊற்றும்படி ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். மற்ற மாடியிலும் செடி கொடுக்கப்பட்டது, ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்ஸ். முதல் மாடிக்காரர்கள் சில வாரங்களில் கூடுதல் சுறுசுறுப்பாக இருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, பின்னாளில் இரு மாடிகளிலும் இறந்தவர்களை ஒப்பிட்ட கணக்கில் புள்ளியியல் திருத்தங்களும் வந்தன. ஆகவே அதைச் சட்டம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அது காட்டிய திசை சரி. 1991-இல் நியூயார்க் மாநிலத்தின் ஓர் இல்லத்துக்குள் நாய், பூனை, பறவைகள், குழந்தைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்த மருத்துவர் பில் தாமஸ், முதியோர் இல்லத்தின் மூன்று நோய்கள் தனிமை, கையாலாகாத நிலை, சலிப்பு என்றார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990களில் டிமென்ஷியா என்ற மறதிநோயைப் பற்றி எழுதியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: மூளை சுருங்குவது நோயின் ஒரு பாதி, சுற்றியிருப்பவர்கள் அந்த ஆளை ஆளாக நடத்தாமல் விடுவது மறு பாதி.

ஒரு பக்கக் குறிப்பு

வேலை தொடங்கும் இடம் ஒரு தாள். சேர்க்கையின்போது வாங்கும் விண்ணப்பத்தில் சர்க்கரை, பிரஷர், ஆதார், பிள்ளைகளின் போன் நம்பர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தனியாக ஒரு பக்கம் வேண்டும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது முதல் வரி. எல்லோரையும் ‘பாட்டி’ என்று அழைப்பது அன்பாகத் தோன்றலாம். நாற்பது வருடம் ‘டீச்சர்’ என்று அழைக்கப்பட்டவருக்கு அது இறக்கம். செட்டிநாட்டுப் பக்கத்து அம்மாளுக்கு ‘ஆச்சி’ என்றால் முகம் மலரும். எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், காபியா டீயா, டிகாஷன் எவ்வளவு தூக்கலாக, எண்ணெய்க் குளியல் எந்தக் கிழமை, எந்தப் பேப்பர், எந்தச் சாமி அல்லது சாமியே வேண்டாமா, கையால் என்ன வேலை செய்தார், எதைச் சொன்னால் கோபம் வரும், யார் வந்தால் பார்க்க விருப்பமில்லை என்பதெல்லாம் அதில் வரவேண்டும்.

இதை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டால் கிடைப்பது மகனுடைய பதில். ‘அம்மாவுக்கு டிவிதான் உயிர், கோயிலுக்குப் போகப் பிடிக்கும்’ என்பார். முதல் மூன்று வாரங்களில், குளிப்பாட்டும்போதும் தலை வாரும்போதும் வருகிற பேச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதுதான் நல்லது. எழுதிய தாள் ஆபீஸ் ஃபைலில் தூங்கினால் பயனில்லை. நான்கைந்து வரியாகச் சுருக்கி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். வெளியே ஒட்டினால் வந்துபோகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள். நகர்ப்புற இல்லங்களில் பராமரிப்பாளர்கள் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வருகிறார்கள், தமிழ் பேசக் கற்றாலும் படிக்க வராது. அவர்களுக்கு அந்த ஐந்து வரியை அவர்கள் மொழியில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுவதே நடைமுறையில் வேலை செய்கிறது.

பூ கட்டுவதை எப்படிப் பிரிப்பது

நாளின் அமைப்பைப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். விடிவதற்குள் குளியல், எட்டு மணிக்கு டிபன், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு டீ, ஆறரைக்கு இரவுச் சாப்பாடு, எட்டுக்கு விளக்கணைப்பு. இது ஊழியர் ஷிப்டுக்காகப் போட்ட அட்டவணை. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு, மாலை நான்கிலிருந்து ஆறு என்று இரண்டு வெற்றிடங்கள். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு மாலைநேரத்தில் பதற்றம் கூடுவது வழக்கம். அந்த வேளையில்தான் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசல் கதவைத் தட்டுவார்கள். உடம்பும் தலையும் தெளிவாக இருக்கும் காலை பத்திலிருந்து பதினொன்றே கால் வரை கவனம் கேட்கும் வேலைகளுக்கு நல்ல நேரம். மாலைக்கு நடை, செடிக்குத் தண்ணீர், துணி மடிப்பது போன்ற கை அசையும் வேலைகள்.

உதாரணத்துக்குப் பூ கட்டுவதை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு இல்லங்களில் இதைவிட நல்ல செயல்பாடு கிடைப்பது கடினம், கெடுப்பதும் சுலபம். உதிரி மல்லியை ஒரு தட்டில் கொட்டி, எட்டு அம்மாள்களுக்கும் நூலைக் கொடுத்து ‘கட்டுங்க’ என்றால் இரண்டு பேர் கட்டுவார்கள், ஆறு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மூட்டு வீங்கிய விரலுக்கு மல்லிமொட்டு சிறியது, வழுக்கும். ஒரு கை பக்கவாதத்தில் போனவருக்கு முடிச்சு வராது. அவர்கள் ‘எனக்கு வேண்டாம்மா’ என்பார்கள். பதிவேட்டில் ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதப்படும். அதே வேலையைப் பிரித்தால் எல்லோருக்கும் இடம் உண்டு. வாடிய பூவையும் காம்பையும் பிரிப்பது ஒருவர். இரண்டிரண்டாக எடுத்து நீட்டுவது இன்னொருவர், இதற்கு ஒரு கை போதும். மல்லிக்குப் பதில் சாமந்தியைத் தடித்த நூலில் கட்டுவது மூட்டுவலி உள்ளவர். முன்னதாக வெதுவெதுப்பான தண்ணீரில் கையைப் பத்து நிமிடம் வைத்திருந்தால் விரல் கொஞ்சம் இளகும். வாழைநாரில் நெருக்கிக் கட்டத் தெரிந்தவர் நடுவில். பார்வை மங்கியவர் முழம் போடுவார், அதற்குக் கை நீளம் மட்டுமே போதும். அரை கிலோ பூ, ஆறிலிருந்து எட்டுப் பேர், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் போனால் முதுகு வலிக்கும், குரல்கள் உயரும்.

கட்டிய சரம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். தெருமுனைப் பிள்ளையாருக்கு, பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாவுக்கு, இரவு ஷிப்ட் நர்ஸின் தலைக்கு என்று ஒரு போக்கிடம் இருக்க வேண்டும். குப்பைக்குப் போனால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்து, பட்டாணியையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லி, மறுநாள் அதையே மறுபடி கலக்கிற இல்லங்களும் உண்டு. வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை செய்தவரிடம் இதைச் செய்வது அவமரியாதை. சாம்பார் வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் தண்ணீரில் ஊறினால் தோல் கையாலேயே வரும், கத்தி வேண்டாம், கண்ணும் குறைவாகவே எரியும். அது சாப்பிடப்போகிற சாம்பாரிலேயே விழவேண்டும். சமையல்காரர் ‘இவங்க உரிச்சு முடிக்கறதுக்குள்ள சாயந்திரம் ஆயிடும்’ என்று முணுமுணுப்பார். மறுநாளைக்கு வேண்டியதை முதல்நாள் மாலையே கொடுத்துவிட்டால் அந்தச் சண்டை இல்லை.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையை முதியோரின் கையால் நிரப்பிக்கொள்ளும் இல்லங்கள் ‘செயல்பாடு’ என்ற பெயரைச் சந்தோஷமாகப் பயன்படுத்திக்கொள்ளும். அவர்கள் செய்யாவிட்டாலும் சமையல் நேரத்துக்கு முடியுமா, ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொன்னவருக்கு முகச்சுளிப்பில்லாமல் காபி வருமா என்ற இரண்டையும் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் கலந்துகொள்வதில் சேர்த்திதான். தனியாக இருக்க ஆசைப்படுகிறவரை இழுத்துவந்து கைதட்ட வைப்பதில் ஒரு பராமரிப்பும் இல்லை. மாலை பஜனை கட்டாயமான இல்லத்தில் ஒரு கிறிஸ்தவரோ, பெரியார் கட்சிக்காரரோ இருந்தால் அவர் படும் பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விளையாட்டுகளில் பல்லாங்குழி நல்ல தேர்வு. விரல், எண்ணிக்கை, போட்டி மூன்றும் இருக்கிறது. 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 காய். பழைய பலகைகளோடு வரும் குன்றிமணியை மட்டும் எடுத்து எறிந்துவிட வேண்டும். கடித்துவிட்டால் கடும் விஷம், மறதி உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம். பெரிய சோழி நல்லது. அதையும் எண்ணி வைத்து எண்ணி எடுக்க வேண்டும். கோலத்துக்குக் குனியவிடக் கூடாது. இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் கறுப்புப் பெயின்ட் அடித்து மேசைமேல் வைத்தால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஐந்து புள்ளி போடலாம். தோட்டத்தில் அரைக்கீரை, முளைக்கீரை போதும். மூன்று நான்கு வாரத்தில் பறிக்க வந்துவிடும்; பலன் பார்க்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து லிட்டர் வாளி கையில் கொடுப்பவர்கள் அடுத்த வாரம் முதுகுவலிக்கு மாத்திரையும் கொடுக்க வேண்டியிருக்கும். அரை லிட்டர் மக்கு போதும்.

பாட்டுக் கச்சேரி நடத்த வரும் தன்னார்வலர்கள் ‘பழைய பாட்டு’ என்றால் பாகவதர் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். இன்று எண்பது வயதில் இருப்பவர் 1945 வாக்கில் பிறந்தவர். மனிதருக்கு ஆழமாகப் பதிவது பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டு; அப்படியானால் அவருடையது 1960களின் டி.எம்.எஸ்., சுசீலா. எம்.ஜி.ஆர். படம் முதல்நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்றவரிடம் ‘தாத்தாவுக்குத் தியாகராஜ பாகவதர் பிடிக்குமே’ என்றால் அவர் மரியாதைக்குச் சிரிப்பார்.

டிமென்ஷியா உள்ளவர்களுக்குச் சோதித்து நிலைபெற்ற ஒரு முறை உண்டு: அறிவுத் தூண்டல் பயிற்சி. 14 அமர்வு, வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு. சரியா தப்பா என்று கேட்காமல் கருத்துக் கேட்பது அதன் உயிர். ‘இது என்ன பழம்?’ என்பதை விட்டு ‘இந்த இரண்டு மாங்காயில் எது ஊறுகாய்க்கு ஆகும்?’ என்று கேட்பார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் இதைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் குழு ஒத்துவராது. பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து முறை, கையில் எண்ணெய் தேய்த்துவிடுவது, காதருகே மெல்லிய ஒலியில் அவருடைய பாட்டு, மூக்கருகே ஒரு துளிர் மரிக்கொழுந்து. இதற்குத் தனி ஆள் வேண்டாம், டயப்பர் மாற்றுகிறவர் அவசரப்படாமல் இருந்தால் போதும். ஒருவர் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் அது நடக்காது.

வாசலுக்கு வெளியே

அன்னதானத்தை நிறுத்தத் தேவையில்லை. பல இல்லங்களின் வரவுசெலவே அதில்தான் நிற்கிறது. ஆனால் ஒரே நாளில் மூன்று குடும்பம், மூன்று முறை ஜாங்கிரி, சர்க்கரை 300-க்கு மேல் என்று ஆவதைத் தடுக்க ஒரு நாட்காட்டியும், ‘படம் எடுப்பதற்கு முன் அவரவரிடம் கேளுங்கள்’ என்ற விதியும் வேண்டும். பிறகு, வருகிறவர்களில் சிலரிடம் பணத்துக்குப் பதில் நேரம் கேட்க வேண்டும். மாதம் இரண்டு முறை, ஒரே ஆள், அதே முதியவரிடம். பேப்பர் படித்துக் காட்டுவது, அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு வீடியோ கால் போட்டுத் தருவது போன்றவை. (போனின் சின்னத் திரையும் சன்னக் குரலும் காது கேளாதவருக்குத் தண்டனை. டிவியில் இணைத்துப் பெரிதாக்க வேண்டும்.) முப்பது பேர் ஒருமுறை வந்து போவதைவிட மூன்று பேர் பத்துமுறை வருவது மேல்.

பள்ளியோடு இணைக்கும்போதும் கணக்கு இதுவே. தமிழ்நாடு அரசின் ஒருங்கிணைந்த இல்லங்களில் 25 முதியோரும் 25 குழந்தைகளும் ஒரே வளாகத்தில் இருக்க ஏற்பாடு உண்டு. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிடாஸ் இல்லத்தில் சில கல்லூரி மாணவர்கள் வாடகையில்லாமல் தங்குகிறார்கள். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டைவீட்டாராக இருக்க வேண்டும். இங்கே ஒரு சாதாரண இல்லத்தால் முடிந்தது, பக்கத்துப் பள்ளியின் ஏழாம் வகுப்பிலிருந்து பத்துப் பிள்ளைகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாற்பது நிமிடம். பிள்ளைகள் நடனம் ஆடிக் காட்ட வரக் கூடாது. கற்றுக்கொள்ள வர வேண்டும். மனக்கணக்கு, விடுகதை, தாயம், பூ கட்டு. இந்தத் திட்டங்கள் விழுவது பெரும்பாலும் மார்ச் மாதத்தில். தேர்வு வந்துவிடும், யாரும் சொல்லாமல் நின்றுவிடும், உள்ளே ஒருவர் குளித்துத் தலைவாரிக் காத்திருப்பார். கடைசி வருகை எது, மறுபடி எப்போது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே வருவதைவிட வெளியே போவது கடினம், ஆகவே தவிர்க்கப்படுகிறது. டீக்கடை போதும், சுற்றுலா பஸ் வேண்டாம். முந்நூறு மீட்டருக்குள், இரண்டு முதியவருக்கு ஒரு துணை, கிளம்புமுன் கழிப்பறை. காலையில் நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டுவது) போடுகிறவர்களை மாலை நாலரைக்கு மேல் அழைத்துப்போவது உசிதம். வெயில் காலத்தில் ஐந்துக்கு மேல். வழியில் உட்கார ஒரு திண்ணையோ கடையோ பார்த்து வைத்திருக்க வேண்டும். அவர் சட்டைப்பையில் அவருடைய ஐம்பது ரூபாய் இருக்க வேண்டும், டீக்கு அவரே கொடுக்க வேண்டும், கூட வந்தவருக்கும் சேர்த்து. இல்லத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்திருக்கமாட்டார்.

மேனேஜர்கள் பயப்படுவது விழுந்துவிடுவாரோ, மகன் சண்டைக்கு வருவாரோ என்று. நியாயமான பயம். சேர்க்கையின்போதே இதைப் பேசி, வெளியே போக விருப்பம் உண்டா என்று அந்த முதியவரிடம் கேட்டு, ஆபத்து என்ன, முன்னெச்சரிக்கை என்ன என்று எழுதி, குடும்பத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிட வேண்டும். தெளிவாக யோசிக்கக்கூடிய பெரியவரின் சம்மதத்தை அவர் மகன் கொடுக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

குடிமகன் என்ற தொடர்பு இன்னும் எளிதாக அறுந்துபோகிறது. பலருடைய ஓட்டு பழைய வீட்டு முகவரியிலேயே கிடக்கும். தேர்தல் ஆணையத்தின் படிவம் 8 கொடுத்தால் இல்லத்து முகவரிக்கு மாற்றலாம். 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 12டி கொடுத்து இருக்கும் இடத்திலேயே வாக்களிக்கலாம். ஆனால் அதைக் கொடுத்தவர் வாக்குச்சாவடியில் போட முடியாது; நடந்துபோய் மை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவரிடம் வசதிக்காகக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது. மத்திய அரசு ஓய்வூதியர்களின் நவம்பர் மாத வாழ்வுச் சான்றிதழை இப்போது போனிலேயே முடிக்கலாம். நடக்க முடிகிறவரை வங்கிக்கே அழைத்துப்போனால், பழைய கேஷியர் பெயர் சொல்லி விசாரிப்பார்.

பதிவேட்டில் ‘கலந்துகொண்டார், கலந்துகொள்ளவில்லை’ என்ற இரண்டு கட்டம் மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது. பிராட்ஃபோர்டில் உருவான ஒரு கவனிப்பு முறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் மனநிலைக்கும் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை குறிப்பார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாத இல்லம் ஒரு வரி எழுதினால் போதும்: ‘வெங்காயம் உரித்தார், தங்கையைப் பற்றிப் பேசினார், பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்.’ மூன்று மாதத்துக்கொருமுறை இந்த வரிகளைப் படித்துப் பார்த்தால் யாருக்கு எது ஒத்துவரவில்லை என்பது தெரியும்.

ஒருவர் இறந்துபோனால் பெரும்பாலான இல்லங்கள் மற்றவர்களிடம் சொல்வதில்லை. பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸ் போகும், கட்டிலுக்குப் புது விரிப்பு வந்துவிடும். ‘பயந்துடுவாங்க’ என்பது காரணம். பக்கத்துக் கட்டில்காரருக்கு விடியற்காலையே தெரிந்திருக்கும். சேர்ந்து பூ கட்டியவர்கள் அந்த மாலையையும் கட்டட்டும், விருப்பமுள்ளவர்கள் பார்த்து வரட்டும்.

பெற்றோருக்கு இல்லம் தேடுகிறவர்கள் அறையின் டைல்ஸையும் மெனுவையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாமல் வேலைநாளில், சொல்லாமல், காலை பத்தரைக்கு ஒருமுறையும் மாலை ஐந்துக்கு ஒருமுறையும் போய்ப் பாருங்கள். டிவியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் முன்னே என்ன வேலை பார்த்தார், போன வாரம் எங்கே வெளியே போனார் என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். மேனேஜரிடம் கேட்க வேண்டாம், அவரிடம் அச்சடித்த அட்டவணை தயாராக இருக்கும்.